சிரிப்பில் பிறந்த தேற்றம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

முன்னுரை

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருள் பட்டப் பெயர் இல்லாதவர் அரியர். எனக்கு வாய்த்த பெயர் 'ஷெல்டன்'. உணவுக்கூடத்திற்கும் கணக்கு நோட்டோடு போகிறவன் என்பதற்காக என் அறைத் தோழர்கள் சூட்டிய பெயர் அது. அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஒன்றைக் கைப்பேசியில் அவர்கள் பார்த்து வந்தார்கள். ஆங்கிலம் பழகலாம் என்று நானும் உடன் அமர்ந்தேன். அதில் வரும் விஞ்ஞானியின் பெயர்தான் ஷெல்டன் என்று அறிந்தபோது உள்ளூர மகிழ்ந்தேன்.

முதற் பருவத் தேர்வில் நுண்கணிதத் தாளில் நான் தோற்றேன். பட்டப் பெயர் போகவில்லை. அழைக்கும் குரல் மட்டும் மாறிவிட்டது. என் தந்தையார் செங்கற் சூளையில் வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். கணிதம் என்பது பிறவியிலேயே மேதையாகப் பிறந்தவர்களுக்கு உரியது, நமக்கு உரியதன்று என்ற எண்ணம் அந்நாட்களில் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த எண்ணத்தை மாற்றியதும் அதே ஷெல்டனைப் பற்றிய ஒரு செய்திதான். அச்செய்தியை மாணவ நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யார் இந்த ஷெல்டன்?

'தி பிக் பேங் தியரி' என்னும் தொடர் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 2007 செப்டம்பர் முதல் 2019 மே வரை ஒளிபரப்பாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளில் 279 பகுதிகள் வெளிவந்தன. சக் லோரி, பில் பிரேடி ஆகிய இருவரும் இதனை உருவாக்கினர். கலிபோர்னியா மாநிலத்துப் பாசடீனா நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாழும் கோட்பாட்டு இயற்பியலாளன் ஷெல்டன் கூப்பர். பதினொரு வயதிலேயே கல்லூரியில் சேர்ந்தவன். சோபாவில் தனக்கென ஓரிடம் வைத்திருப்பான். அதில் வேறு யாரும் அமரக் கூடாது. ஒரு கதவைத் தட்டினால் மும்முறை தட்டி, மும்முறையும் உள்ளே இருப்பவர் பெயரைச் சொல்லி அழைப்பான். பிறர் பேச்சில் உள்ள கிண்டல் அவனுக்கு விளங்காது. ஆனால் தான் கிண்டல் செய்துவிட்டதாக நினைத்தால் 'பஸிங்கா!' என்று கூவுவான். 'ஏமாந்தாயா!' என்பது போன்ற ஒரு சொல் அது.

இப்பாத்திரத்தில் நடித்த ஜிம் பார்சன்ஸ் 2010, 2011, 2013, 2014 ஆகிய நான்கு ஆண்டுகளில் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான எம்மி விருதைப் பெற்றார். ஷெல்டனின் இளமைக் காலத்தைக் கூறும் தனித்தொடர் ஒன்றும் 2017 முதல் 2024 வரை நடைபெற்றது.

பெயரிலேயே ஒரு செய்தி உண்டு. ஷெல்டன் லெனர்ட் என்பவர் பழைய தொலைக்காட்சித் தயாரிப்பாளர். அவர் பெயரை இரண்டாகப் பிரித்து ஷெல்டன், லெனர்ட் என்று அறைத் தோழர் இருவருக்குச் சூட்டினர். கூப்பர் என்பது மீகடத்துத்திறன் கொள்கைக்காக 1972-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான லியோன் கூப்பரை நினைவூட்டுவது. இயற்பியல் மாணவர்கள் 'கூப்பர் இணை' என்று படிப்பது அவர் பெயரால் அமைந்ததே.

அர்க்கல் முதல் ஷெல்டன் வரை

படிப்பில் மூழ்கியவனைப் பார்த்துச் சிரிப்பது புதிய வழக்கமன்று. நாம் 'பழம்' என்றும் 'புத்தகப் புழு' என்றும் சொல்வதை ஆங்கிலத்தில் 'நெர்ட்' என்பார்கள். 1950-இல் டாக்டர் சூஸ் எழுதிய குழந்தைகள் நூல் ஒன்றில் மிருகக்காட்சிசாலைக்குரிய விசித்திரப் பிராணியின் பெயராக இச்சொல் முதன்முதலில் அச்சேறியது. மனிதனைக் குறிக்கும் சொல்லாக மாறிய பிறகும், கூண்டில் வைத்து வேடிக்கை பார்க்கும் பொருள் அதை விட்டு முழுவதும் நீங்கவில்லை எனலாம்.

ஷெல்டனுக்கு முன்னோடி ஸ்டீவ் அர்க்கல். 1989-இல் தொடங்கி 1998-இல் முடிந்த 'ஃபேமிலி மேட்டர்ஸ்' என்ற தொடரில் சிகாகோ நகரத்துக் கறுப்பினக் குடும்பம் ஒன்றின் அண்டைவீட்டுப் பையனாக அவன் வந்தான். பெரிய மூக்குக் கண்ணாடி, மார்பு வரை ஏற்றிய கால்சட்டை, அதைத் தாங்கும் தோள்வார், கீச்சென்ற குரல், தொட்டதெல்லாம் உடையும். நடித்தவர் ஜலீல் வைட். ஒரேயொரு பகுதியில் தலைகாட்டிப் போக வந்த பாத்திரம், மக்கள் வரவேற்பால் தொடர் முழுவதையும் தன்வயப்படுத்திக்கொண்டது. 1991-இல் அவன் பெயரில் காலைச் சிற்றுண்டித் தானியப் பெட்டி ஒன்று கடைக்கு வந்தது. பேசும் பொம்மையும் வந்தது.

அர்க்கலின் பெயர் சிற்றுண்டிப் பெட்டியில் ஏறியது. ஷெல்டனின் பெயரோ அறிவியல் ஏடுகளில் ஏறியது. இவ்வேறுபாடு ஈண்டு நோக்கத்தக்கது.

அறிவியலார் சூட்டிய பெயர்கள்

பிரேசில் நாட்டில் ஒருவகை ஆர்க்கிட் தேனீ உண்டு. அதனை வேறோர் இனம் என்றே வல்லுநர்கள் நெடுங்காலம் கருதி வந்தார்கள். அது தனி இனம் என்று 2012-இல் கண்டறிந்த ஆய்வாளர்கள், தங்களையெல்லாம் இத்தனை நாள் ஏமாற்றிய தேனீக்கு 'யூக்ளோசா பஸிங்கா' என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியக் கடலில் கிடைத்த சிறிய ஜெல்லிமீன் ஒன்றின் பேரினத்திற்கும் 'பஸிங்கா' என்ற பெயரே வைக்கப்பட்டது. 246247 என்ற எண்ணுடைய சிறுகோளின் பெயர் 'ஷெல்டன்கூப்பர்'. 2019 அக்டோபரில் ஸ்டாக்ஹோம் நகரில் இயற்பியல் நோபல் பரிசை அறிவித்தபோது, அண்டத்தின் தோற்றத்தை விளக்க வந்த உல்ஃப் டேனியல்சன் என்னும் அறிஞர் இத்தொடரின் முகப்புப் பாடலின் தொடக்கத்தைச் சொல்லியே விளக்கத்தை ஆரம்பித்தார்.

அறிவியலாரும் தொடருக்குள் வந்து போனார்கள். 2006-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஸ்மூட் 2009-இல் தோன்றினார். 2012 ஏப்ரலில் ஸ்டீபன் ஹாக்கிங்கே வந்தார். அக்காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஷெல்டன் தான் எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் பெருமையோடு ஹாக்கிங்கிடம் காட்டுகிறான். அவர் அதில் ஓர் எண்கணிதப் பிழை இருப்பதைச் சுட்டுகிறார். ஷெல்டன் மயங்கி விழுகிறான். தோழர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். பின்னர் என் தேர்வுத் தாளை நினைத்துக்கொண்டேன். கூட்டலில் தவறுவது எனக்கு மட்டும் நேர்வதன்று என்று அறிந்தது அன்று ஒருவகை ஆறுதலாக இருந்தது.

இவையெல்லாம் பெயரளவில் நின்ற மரியாதைகள். ஷெல்டன் சொன்ன ஒரு வாக்கியத்தையே எடுத்துக்கொண்டு, அது மெய்யா என்று ஆராய்ந்த வரலாறு இவை எல்லாவற்றினும் சிறந்தது. அதனை இனிச் சற்று விரிவாகக் காண்போம்.

73 என்னும் எண்

2010 டிசம்பரில் ஒளிபரப்பான பகுதியில், எண்களுள் மிகச் சிறந்தது எது என்று ஷெல்டன் நண்பர்களைக் கேட்கிறான். விடையையும் தானே சொல்கிறான்: 73. அது அத்தொடரின் 73-ஆவது பகுதி என்பது குறிப்பிடத்தக்கது. அவன் கூறும் காரணங்கள் வருமாறு:

1. 73 ஒரு பகா எண். 2, 3, 5, 7, 11 என்று எண்ணிக்கொண்டே வந்தால் அது 21-ஆவது பகா எண்.

2. 73-ஐத் திருப்பி எழுதினால் 37. அதுவும் பகா எண், வரிசையில் 12-ஆவது. 21-ஐத் திருப்பினால் 12.

3. 73-இன் இலக்கங்களைப் பெருக்கினால் 7 × 3 = 21. அதாவது வரிசை எண்ணே கிடைக்கிறது.

4. இரும எண் முறையில் 73 என்பது 1001001. (64 + 8 + 1 = 73 என்று சரிபார்க்கலாம்.) இது 'விகடகவி' போல இருபுறமிருந்து படித்தாலும் ஒன்றே.

நண்பர்கள் கேலி செய்துவிட்டு வேறு பேச்சுக்குப் போகிறார்கள். பார்வையாளர்களும் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். எல்லோரும் மறக்கவில்லை.

நகைச்சுவை தேற்றமான கதை

2015-இல் அமெரிக்கக் கணிதச் சங்கம் ஒன்று இளங்கலை மாணவர்களுக்காக நடத்தும் 'மேத் ஹொரைசன்ஸ்' என்னும் இதழில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. அயோவா மாநிலத்து மார்னிங்சைட் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ் ஸ்பைசரும் வேறிருவரும் எழுதியது. அவர்கள் கேட்ட கேள்வி எளியது: ஷெல்டன் சொன்ன இரண்டாம், மூன்றாம் இயல்புகள் இரண்டையும் உடைய பகா எண் 73 மட்டும்தானா? மட்டும்தான் என்பது அவர்கள் ஊகம். அதற்கு 'ஷெல்டன் ஊகம்' என்று பெயர் வந்தது.

இலக்கங்களைப் பெருக்கினால் வரிசை எண் கிடைக்கும் இயல்பைப் 'பெருக்கல் இயல்பு' என்போம். திருப்பி எழுதிய எண் திருப்பிய வரிசையில் நிற்கும் இயல்பைக் 'கண்ணாடி இயல்பு' என்போம். ஆயிரம் கோடிக்குள் பெருக்கல் இயல்புடைய பகா எண்கள் மூன்றே மூன்று. அவை 17, 73, 24,75,989.

17 ஏழாவது பகா எண்; 1 × 7 = 7. பெருக்கல் இயல்பு உண்டு. திருப்பினால் 71, அதுவும் பகா எண்ணே. ஆயினும் 7-ஐத் திருப்பினால் 7 தான். 71 நிற்பதோ 20-ஆம் இடம். எனவே கண்ணாடி இயல்பு இல்லை. மூன்றாவது எண்ணின் இலக்கங்களைப் பெருக்கினால் 2 × 4 × 7 × 5 × 9 × 8 × 9 = 1,81,440. அது பகா எண் வரிசையில் நிற்பதும் சரியாக அந்த இடத்திலேதான். ஆனால் திருப்பினால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடுகிறது. இரட்டைப்படை எண் எப்படிப் பகா எண்ணாகும்? ஆகவே அதுவும் விலகுகிறது. எஞ்சி நிற்பது 73 ஒன்றே.

சரி, ஆயிரம் கோடிக்கு அப்பால்? எண்களுக்கு முடிவில்லையே! தேடிக்கொண்டே போனால் எப்போது நிறுத்துவது?

இவ்விடத்தில்தான் கணிதத்தின் ஆற்றல் விளங்குகிறது. டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியரும் எண்ணியல் அறிஞருமான கார்ல் பொமரன்ஸ், ஸ்பைசரோடு சேர்ந்து இவ்வூகத்தை நிறுவினார். அந்நிறுவல் 'அமெரிக்கன் மேதமெட்டிகல் மன்த்லி' இதழில் 2019-இல் வெளியாயிற்று. அதன் முதற் படி நம் பாடநூல் அறிவுக்கே எட்டக்கூடியது.

46 இலக்கமுள்ள ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் இலக்கம் எதுவாயினும், அதனையடுத்து 45 இலக்கங்கள் உள்ளன. ஓர் இலக்கத்தின் உச்ச மதிப்பு 9. ஆகவே இலக்கங்களின் பெருக்கற்பலன், முதல் இலக்கத்தை 9-ஆல் 45 முறை பெருக்கினால் வருவதைவிட மிகாது. ஆனால் அந்த எண்ணோ, முதல் இலக்கத்தை 10-ஆல் 45 முறை பெருக்கினால் வருவதைவிடக் குறையாது. ஒவ்வோர் இலக்கத்திற்கும் பத்துக்கு ஒன்பது என்ற கணக்கில் பெருக்கற்பலன் பின்தங்குகிறது. 10/9 என்பதன் 45-ஆம் அடுக்கு ஏறக்குறைய 114.6. எண்ணைவிடப் பெருக்கற்பலன் குறைந்தது இத்தனை மடங்கு சிறியது.

வரிசை எண் எவ்வளவு சிறியது? 17 முதற்கொண்டு, ஓர் எண் வரையுள்ள பகா எண்களின் எண்ணிக்கை, அந்த எண்ணை அதன் இயல் மடக்கையால் வகுத்தால் வருவதைவிட மிகுதி. நாம் எடுத்துக்கொண்ட எண்ணின் முதல் இலக்கத்தைத் தொடர்ந்து 45 பூச்சியங்கள் இட்டால் வரும் எண்ணின் இயல் மடக்கை 106-க்குள் அடங்கும். அதாவது வரிசை எண் ஏறத்தாழ 106 மடங்குதான் பின்தங்கலாம். பெருக்கற்பலனோ 114 மடங்குக்கு மேல் பின்தங்கிவிட்டது. இரண்டும் ஒன்றாக இருக்க வழியில்லை. இலக்கம் கூடக்கூட இடைவெளி இன்னும் விரியும். எனவே 46 இலக்கத்திலோ அதற்கு மேலோ பெருக்கல் இயல்புடைய பகா எண் ஒன்றுகூட இல்லை. முடிவிலாத தேடல் இவ்வொரு படியால் முடிவுள்ள தேடலாயிற்று.

எஞ்சிய இடைவெளியும் சிறிதன்று. ஆயினும் அதைச் சல்லடையிட்டுச் சலிக்க வழிகள் உண்டு. இலக்கங்களின் பெருக்கற்பலன் என்பதால் வரிசை எண்ணுக்கு 2, 3, 5, 7 தவிர வேறு பகாக் காரணி இருக்க முடியாது. எண்ணில் பூச்சியம் இடம்பெறலாகாது. இடம்பெற்றால் பெருக்கற்பலனும் பூச்சியமாகிவிடும். திருப்பினாலும் பகா எண்ணாக வேண்டுமாதலால் முதல் இலக்கம் 1, 3, 7, 9 இவற்றுள் ஒன்றாதல் வேண்டும். இத்தகைய நிபந்தனைகளைக் கொண்டு கணிப்பொறியால் சலித்தபோது வேறோர் எண்ணும் தேறவில்லை. ஷெல்டன் விளையாட்டாகச் சொன்னது மெய்யாயிற்று. 73 தனித்தே நிற்கிறது.

கரும்பலகைக்குத் திரும்பிய தேற்றம்

இத்தொடரில் ஷெல்டனின் வீட்டில் ஒரு வெண்பலகை இருக்கும். அதில் எழுதப்பட்டவை பொய்யான கிறுக்கல்கள் அல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து இயற்பியல் பேராசிரியர் டேவிட் சால்ட்ஸ்பெர்க் மெய்யான சமன்பாடுகளையே எழுதித் தந்து வந்தார். 2019 ஏப்ரலில் ஒளிபரப்பான ஒரு பகுதியில், பொமரன்ஸ்–ஸ்பைசர் நிறுவலின் வரிகள் அப்பலகையில் இடம்பெற்றன. 2010-இல் தொடரிலிருந்து புறப்பட்ட ஒரு வேடிக்கை, ஒன்பதாண்டுகள் கழித்துத் தேற்றமாகி அதே வீட்டுச் சுவருக்குத் திரும்பி வந்தது. யாரும் அதைக் கதையில் சுட்டிக் காட்டவில்லை. கண்டவர் கண்டுகொண்டனர்.

சிரிப்பின் மறுபக்கம்

குறைகளையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. அறிவாளி என்றால் ஆடவன், பழகத் தெரியாதவன் என்ற படத்தையே இத்தொடர் தொடக்கத்தில் வரைந்தது. பின்னரே பெண் விஞ்ஞானிகள் முதன்மை பெற்றனர். அவர்களுள் ஏமி என்ற நரம்பியல் அறிஞராக நடித்த மாயிம் பியாலிக், உண்மையிலேயே நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஷெல்டனின் நடத்தை ஒருவகை மனவளர்ச்சி வேறுபாட்டின் அறிகுறியா என்று பலர் விவாதித்தனர். தாங்கள் அவ்வாறு கருதிப் படைக்கவில்லை என்று படைத்தவர்கள் கூறினர். எனினும், அத்தகைய இயல்புடைய ஒருவர் நம் வகுப்பில் இருந்தால், நாம் சிரிக்கும்போது அவர் மனம் என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பாராட்டத்தக்க செயல் ஒன்றும் உண்டு. 2015-இல் இத்தொடரைச் சேர்ந்தவர்கள் ஒன்றுகூடி, சால்ட்ஸ்பெர்க் பணியாற்றும் அதே பல்கலைக்கழகத்தில் அறிவியல், கணிதம், பொறியியல் பயிலும் பொருள் வசதியற்ற மாணவர்களுக்காக 40 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட நிதியை நிறுவினர். முதலாண்டில் இருபது மாணவர்கள் பயனடைந்தனர். ஷெல்டனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, யாரோ இருபது வீட்டுப் பிள்ளைகளின் படிப்புச் செலவாக மாறியது. உதவித்தொகை வரும் நாளை எண்ணிக் காத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முடிவுரை

ஷெல்டன் மேதை. '73 சிறந்த எண்' என்று அறிவித்ததோடு அவன் வேலை முடிந்துவிட்டது. 'அது மட்டும்தானா?' என்று கேட்டவர்களே அதைத் தேற்றமாக்கினார்கள். அக்கேள்வியைக் கேட்கப் பதினொரு வயதில் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் பகா எண் பட்டியலும் போதும்.

இச்செய்தியை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவர் சொல்லக் கேட்ட அன்றிரவு, நூறு வரையுள்ள 25 பகா எண்களையும் நோட்டின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் இலக்கங்களையும் பெருக்கிப் பார்த்தேன். 17-இல் ஒரு முறை பொருந்தியது. 73-இல் மறுமுறை பொருந்தியது. பிறர் முன்பே கண்டதுதான். ஆயினும் என் கையால் கண்டேன். சூளைக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்திருந்தவன், மறுநாள் நுண்கணித நூலை முதல் அதிகாரத்திலிருந்து மீண்டும் தொடங்கினேன். தோற்ற தாளை அடுத்த தேர்வில் 52 மதிப்பெண்ணோடு தேறினேன். பெரிய மதிப்பெண்ணன்று என்பதை அறிவேன்.

இப்போது என்னை ஒரு கேள்வி பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் பத்து விரல்களைக் கொண்டு எண்ணுவதால் பதின்ம முறை வந்தது. எட்டை அடிமானமாகக் கொண்டு எழுதினால் ஷெல்டனின் எண் எதுவாக இருக்கும்? அம்முறையில் 61 வரையுள்ள 18 பகா எண்களையும் எழுதிப் பெருக்கிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் அகப்படவில்லை. அதற்கு மேல் போகத் துணை வேண்டும். ஆர்வமுள்ள நண்பர்கள் விடுதிக்கு வந்து 'ஷெல்டன்' என்று கூப்பிட்டால் போதும். நான் வெளியே வருவேன்.